குழிப்பந்தும் ஊர்ப்பொதுவும்

குழிப்பந்து என்றதும் நம் நாட்டுத் தோட்டப்புறத்தார் மனக்கண்முன் நிற்பவர்கள் பழைய துரைமார்களே. மாலையில் பெரிய துரையின் கார் கிளப்பை நோக்கிப் புறப்படும். காருக்குள் ஒரு தோற்பையில் கோல்கள் சாய்ந்து கிடக்கும். பையைச் சுமக்க அங்கே ஒரு பையன் காத்திருப்பான். ஆதலால் அது பணம் படைத்தோர் ஆட்டம், வேலிக்கு உள்ளே நடப்பது, ஏனையோர் வெளியே நின்று பார்ப்பது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் முழுப் பொய்யும் அன்று. 1891இல் சிங்கப்பூரிலும் 1893இல் கோலாலம்பூரிலும் கோல்ஃப் கிளப்புகள் தோன்றியபோது, அவை ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் தமக்கென்று அமைத்துக்கொண்டவையே.

ஆனால் அவ்வாட்டத்தின் தாயகமாகிய ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அந்நாட்டின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. உலகக் குழிப்பந்துத் திடல்களுள் பெரும்புகழ் வாய்ந்த ‘பழைய திடல்’ அங்கேதான் இருக்கிறது. அத்திடல் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமானதன்று. எந்தக் கிளப்புக்கும் சொந்தமானதன்று. அது பொதுத் திடல். அங்கே ஒரு சுற்று ஆடுவது எப்படி என்பதையும், அத்திடல் பொதுவாகவே நிலைத்தது எப்படி என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே தக்கது. ஒன்றை விட்டால் மற்றொன்று விளங்காது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கடலுக்கும் கழனிக்கும் இடையே மணல் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் நிலத்தை ஸ்காட்லாந்து மக்கள் ‘லிங்க்ஸ்’ என்பர். சங்கிலிக் கண்ணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதனை மயக்கிக் கொள்ளலாகாது. மேட்டு நிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லினின்றும் பிறந்தது இது. நம் இலக்கணத்தார் கணக்கில் அது நெய்தல் நிலம். ஏர் பிடிக்க உதவாது. நெல்லோ கோதுமையோ விளையாது. உப்புக் காற்றைத் தாங்கும் குட்டைப் புல்லும் முட்புதரும் மட்டுமே வளரும். மணல் நிலமாதலால் மழை நீர் தேங்காது வடிந்துவிடும். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். உழவுக்குப் பயன்படாத அந்நிலம் ஊராரின் பல தேவைகளுக்குப் பயன்பட்டது. ஆடுமாடுகளை அங்கே மேய்த்தனர். துணிகளை வெளுத்து உலர்த்தினர். வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் புற்கரணை வெட்டினர். ஓய்ந்த வேளையில் பந்தாடினர்.

தமிழகத்து நிலக் கணக்கில் ‘புறம்போக்கு’ என்று ஒரு சொல் உண்டு. தீர்வை விதிக்கப்படாது, ஊரார் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை அது குறித்தது. மேய்ச்சல் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு என்று அதில் வகைகளும் உண்டு. அதற்கு முன்னரே மன்றம், பொதியில் என்னும் சொற்கள் ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்து வழங்கின. இத்தகைய நல்ல சொல்லொன்று இந்நாளில் வசைமொழியாய்த் தேய்ந்துவிட்டது இரங்கத்தக்கது. செயின்ட் ஆண்ட்ரூசின் திடல் அதன் உண்மைப் பொருளில் ஒரு புறம்போக்கு. குழிப்பந்து அத்தகைய புறம்போக்கில் பிறந்த ஆட்டம்.

அது எந்த ஆண்டில் பிறந்தது என்று வரையறுத்துக் கூறுவார் இல்லை. ஆனால் 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தையும் காற்பந்தையும் தடை செய்தது. இளைஞர் வில்வித்தை பழகாது பந்தின் பின்னே ஓடுகின்றனர் என்பதே காரணம். தடை போடும் அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது என்பது இதனால் தெளிவாகும். தடை போட்டும் அது நின்றபாடில்லை. 1552இல் அந்நகரின் பேராயர் ஜான் ஹாமில்டன் அம்மணல் நிலத்தில் முயல் வளர்க்க உரிமை பெற்றார். அதற்கென எழுதப்பட்ட ஆவணத்திலேயே, அந்நிலத்தில் குழிப்பந்தும் காற்பந்தும் ஆடவும், அம்பெய்து பழகவும், பிறவாறு பொழுது போக்கவும் நகரத்தாருக்குள்ள உரிமையை அவர் ஒப்புக்கொண்டார். பேராயர் புதிதாக ஒன்றையும் வழங்கிவிடவில்லை. வழக்கில் இருந்ததை எழுத்தில் ஏற்றார், அவ்வளவே. ஆயினும் எழுத்து எழுத்துத்தான். பின்னாளில் வந்த சோதனைகளில் அவ்வூராருக்கு ஊன்றுகோலாக நின்றது இந்த எழுதிய உரிமைதான்.

சோதனை முயல் வடிவிலேயே வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நகர மன்றம் கடனில் மூழ்கியது. 1797இல் அம்மணல் நிலத்தை அது விற்றது. குழிப்பந்துக்கு ஊறு வரக்கூடாது என்னும் நிபந்தனை மட்டும் இருந்தது. ஈராண்டிற்குள் நிலம் டெம்ப்ஸ்டர் என்னும் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. அவர்கள் முயல் வணிகர்கள். இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல்களைப் பெருக்கினர். முயல்கள் திடல் முழுவதும் வளை தோண்டின. அடித்த பந்து வளைக்குள் விழுந்து மறைந்தது. நகரத்தார் பொறுப்பாரா? முயலைக் கொல்லத் தமக்கு உரிமை உண்டு என்று வழக்காடினர். வழக்கு எடின்பரோவிலிருந்து லண்டன் பிரபுக்கள் சபை வரை ஏறியது. இடையே திடலில் கைகலப்புகளும் நிகழ்ந்தன. இதனை அவ்வூர் வரலாற்றில் ‘முயற்போர்’ என்றே குறிப்பர். 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் உள்ளூர் நிலக்கிழார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, முயல்களை ஒழித்து, ஆட்டத்தை மீட்டார். அவர் தாமும் ஒரு குழிப்பந்தாட்டக்காரர்.

என்றாலும் ஒரு நல்லவரின் நன்மனத்தை நம்பியிருக்கும் உரிமை எத்தனை நாளைக்கு நிற்கும்? நிலக்கிழார் குடும்பம் நல்லது செய்தது; நாளை வேறொருவர் வாங்கினால்? ஊரார் இதனை உணர்ந்தனர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1894இல் ஒரு தனிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தால் நிலம் மீண்டும் நகர மன்றத்தின் கைக்கு வந்தது. நகர மன்றமே உள்ளாட்சிச் சீர்திருத்தத்தால் மறையவிருந்தபோது, 1974இல் இன்னொரு சட்டம் இயற்றி, நிலத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். ஊராரும் பிறரும் உலாவவும் ஆடவும் உரிய பொதுவிடமாக அதனைக் காப்பதே அவ்வறக்கட்டளையின் கடமை. இன்று அதன் பொறுப்பில் ஏழு திடல்கள் உள்ளன. அவற்றுள் ‘புதுத் திடல்’ எனப்படுவது 1895இல் அமைந்தது. நூற்றிருபத்தைந்து ஆண்டைக் கடந்தும் அதன் பெயர் இன்னும் புதிதே!

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘ராயல் அண்ட் ஏன்ஷன்ட்’ என்னும் புகழ்பெற்ற கிளப்பு அங்கே உள்ளதே, திடல் அவர்களுடையதன்றோ? அன்று. 1754இல் 22 பேர் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1834இல் மன்னர் நான்காம் வில்லியத்தின் ஆதரவால் அப்பெயர் பெற்றது. முதற்குழியின் தொடக்க மேடைக்கு நேர் பின்னே அதன் கல்மாளிகை 1854 முதல் நிற்கிறது. மாளிகை கிளப்புக்கு உரியது. மாளிகையின் முன்னே விரியும் புல் கிளப்புக்கு உரியதன்று. பன்னெடுங்காலம் ஆட்டத்தின் விதிகளை உலகுக்கு எழுதித் தந்தவர்கள், தமக்கென ஒரு திடல் இல்லாமலே எழுதினர். அக்கிளப்பு பெண்களை உறுப்பினராக ஏற்றது 2014இல்தான் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. திடலில் ஆடப் பெண்களுக்குத் தடை இல்லை. மாளிகைக் கதவுதான் மூடிக் கிடந்தது.

சிங்கப்பூரில் பொதுமக்கள் யாவரும் கட்டணம் செலுத்தி ஆடத்தக்க 18 குழிகள் கொண்ட திடல் மரீனா பேயில் 2006இல் திறக்கப்பட்டது. கிளப்பில் உறுப்பினராகாத பலர் கோல் பிடித்துப் பழகியது அங்கேதான். ஆனால் அது குத்தகை நிலம். குத்தகை முடிந்ததும் 2024 ஜூன் இறுதியில் அது மூடப்பட்டது. நிலம் அருகிய நாட்டில் வீட்டுக்கு இடம் வேண்டும் என்னும் வாதத்தைத் தள்ள முடியாது. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட திடல், மற்றொன்று பொதுமக்களின் திடல் என்னும் வேறுபாடு விளங்கும்.

இனி, ஆட்டம் எளியோர் கைக்கு எட்டியதற்கு நம் நாட்டு மரமொன்று காரணமாயிருந்த செய்தியைக் கூறவேண்டும். இதனை அறிந்தோர் நம்மிடையே சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பந்து தோலால் ஆனது. தோலுறையினுள் வேகவைத்த பறவை இறகுகளைத் திணித்துத் தைப்பர். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய முடியும். மழையில் நனைந்தால் தையல் பிரியும்; இரும்புக் கோலால் தவறி அடித்தால் கிழியும். விலையோ உயர்வு. நிலம் பொதுவாயிருந்தும் பந்து பொதுவாயிருக்கவில்லை.

மலாய்க் காடுகளில் ‘தாபான்’ என்றொரு மரம் உண்டு. அதன் பாலை உறைய வைத்தது ‘கெத்தா பெர்ச்சா’. கெத்தா என்பது மலாய்மொழியில் மரப்பாலைக் குறிக்கும் என்பதை நாம் அறிவோம். மலாய் மக்கள் அதனைப் பாராங்கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்தினர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மான்ட்கமரி அதனை 1843இல் லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இட்டால் மெழுகுபோல் இளகும்; ஆறினால் கெட்டியாகும். 1848 அளவில் அதனை உருட்டிப் பந்து செய்தனர். கீழை நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூசுக்கு அனுப்பப்பட்ட ஒரு திருமால் சிலையைச் சுற்றி அடைத்து வந்த கெத்தா பெர்ச்சாவே முதற் பந்தாயிற்று என்று அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது, சான்று வலுவற்றது. கதை எவ்வாறாயினும், பந்தின் விலை பல மடங்கு வீழ்ந்தது உண்மை. உடைந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெந்நீரிலிட்டு மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். தச்சரும் மீனவரும் தம் ஊர்த் திடலில் ஆடுவதற்கு இருந்த தடை நீங்கியது.

எல்லார்க்கும் இது மகிழ்ச்சி தரவில்லை. அந்நாளில் செயின்ட் ஆண்ட்ரூசின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சன். இறகுப் பந்து செய்வதே அவர் பிழைப்பு. அவரிடம் தொழில் பயின்றவர் டாம் மாரிஸ், ஒரு நெசவாளியின் மகன். மாரிஸ் புதுப் பந்தால் ஆடியதைக் கண்ட ராபர்ட்சன் சினந்தார், இருவரும் பிரிந்தனர். மாரிஸ் வேற்றூர் சென்று, 1860களில் திரும்பி வந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் காவலராக 1903 வரை பணிபுரிந்தார். ராபர்ட்சனும் பிறகு மனம் மாறிப் புதுப் பந்தையே செய்யலானார். காலம் யாரை விட்டது!

அப்புதுப் பந்திலும் ஒரு விந்தை தோன்றியது. வழவழப்பாகச் செய்த பந்து சிறிது தூரம் பறந்து தொப்பென்று விழுந்தது. அடிபட்டு வடுவேறிய பழைய பந்தோ நன்கு பறந்தது. ஆகவே புதுப் பந்தையே சுத்தியலால் தட்டி வடு உண்டாக்கினர். அதுவே வளர்ந்து இந்நாளைய பந்தின் சிறு குழிகளாயிற்று. பரப்பு கரடாக இருந்தால் அதனை ஒட்டிச் செல்லும் காற்று பந்தின் பின்புறம் வரை தழுவிச் செல்கிறது. பின்னே இழுக்கும் வெற்றிடச் சுழல் சிறுக்கிறது. பந்து நெடுந்தூரம் போகிறது. அறிவியல் பாடத்தில் இதனைக் காட்டினால் மாணவர் மறக்கமாட்டார்கள்.

தாபான் மரத்துக்கு இந்த வாணிபம் நன்மை செய்யவில்லை. பாலெடுக்க மரத்தையே வெட்டி வீழ்த்தினர். பந்துக்கு மட்டுமன்று, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதனினும் பன்மடங்கு வேண்டியிருந்தது. காடுகள் வெறிச்சோடின. பின்னர் 1898இல் அமெரிக்கராகிய கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலைச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டார். செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்த சாண்டி ஹெர்ட் 1902இல் அத்தகைய பந்தால் ஆடி ‘ஓப்பன்’ போட்டியில் வென்றார். அத்தோடு கெத்தா பெர்ச்சாவின் காலம் முடிந்தது. பந்து செய்து விற்ற டன்லப் கம்பெனி 1910 முதல் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வாங்கியது. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் மக்கள், உலகத் திடல்களில் உருண்ட பந்துகளுக்கும் உறவினர் என்பது மிகையன்று. இந்நாளைய பந்துகள் செயற்கை ரப்பரால் ஆனவை.

இனிச் சுற்றுக்கு வருவோம். ஒரு சுற்று என்பது 18 குழிகள். ‘குழி’ என்னும் சொல்லை இவ்வாட்டத்தில் இரு பொருளில் ஆள்கின்றனர். பந்து விழ வேண்டிய பள்ளமும் குழி. அதன் குறுக்களவு நான்கேகால் அங்குலம். முதல் அடி அடிக்கும் மேடையிலிருந்து அப்பள்ளம் வரையுள்ள நெடுவழி முழுவதும் குழி. ‘நான்காம் குழி 400 கெஜம்’ என்று படித்துத் திகைப்போர் இதனை நினைவிற் கொள்க. மேடையிலிருந்து குட்டையாக வெட்டிய புல்வழி செல்லும், இருமருங்கும் நெடும்புல்லும் முட்புதரும், இடையிடையே மணற்குழிகள், முடிவில் கம்பளம்போல் மழித்த பசுந்திடல், அதில் கொடி நட்ட பள்ளம். ஒவ்வொரு குழியையும் திறமையுடையார் எத்தனை அடியில் முடிப்பர் என்று கணித்த எண் ‘பார்’ எனப்படும். பழைய திடலில் மூன்றடிக் குழி இரண்டு, ஐந்தடிக் குழி இரண்டு, எஞ்சிய பதினான்கும் நான்கடிக் குழிகள். கூட்டினால் 72.

ஏன் 18? இதற்குத் தத்துவக் காரணம் ஒன்றுமில்லை. பழைய திடல் கடலோரமாக நீண்டு கிடக்கும் குறுகிய நிலம். ஆட்டக்காரர் கடைக்கோடி வரை ஆடிச் சென்று, அதே பள்ளங்களுக்குத் திரும்பி ஆடி வருவர். இவ்வாறு 22 குழிகள் இருந்தன. 1764இல் முதல் நான்கும் மிகக் குறுகியவை என்று கருதி அவற்றை இரண்டாகச் சேர்த்தனர். போகையில் இரண்டும் வருகையில் இரண்டும் குறைந்து 18 ஆயிற்று. வேறு ஊர்களில் ஐந்தும் ஏழும் பன்னிரண்டும் இருந்தன. செயின்ட் ஆண்ட்ரூசின் பெருமையால் 18 என்பதே உலக வழக்காயிற்று. ஆடுவோர் பெருகவே, போவோரும் வருவோரும் ஒரே பள்ளத்தில் முட்டிக்கொண்டனர். ஆகவே பசுந்திடல்களை அகலமாக்கி, ஒவ்வொன்றிலும் இரு பள்ளங்கள் வெட்டினர். இன்றும் அங்கே ஏழு இரட்டைத் திடல்கள் உள்ளன. போகும் வழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழிக்குச் சிவப்புக் கொடி. இரண்டாம் குழியும் பதினாறாம் குழியும் ஒரு திடல். மூன்றும் பதினைந்தும் ஒரு திடல். எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும்.

ஆட்டக்காரர் பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. நெடுந்தூரத்துக்குத் தலை பருத்த கோல். நடுத்தூரத்துக்கும் மணலிலிருந்து எடுப்பதற்கும் இரும்புக் கோல்கள். பசுந்திடலில் உருட்டுவதற்கு ஒரு கோல். முதற்குழியின் மேடையில் நிற்பவருக்கு நடுக்கம் இயல்பு. பின்னே கல்மாளிகைச் சாளரங்கள். பக்கத்தே தெருவில் போவோர் வருவோர் நின்று பார்ப்பர். முன்னே முதற்குழியும் பதினெட்டாம் குழியும் பொதுவாகப் பகிரும் அகன்ற புல்வெளி. அதன் குறுக்கே பொதுவழி ஒன்று செல்கிறது. நகரிலிருந்து கடற்கரைக்குச் செல்வோருக்கு அதுவே குறுக்குவழி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாயொருத்தி கடந்தால், உலக வீரராயினும் கோலை இறக்கிக் காத்திருக்க வேண்டியதுதான். வழியின் உரிமை ஆட்டத்தின் உரிமைக்கு இளைத்ததன்று.

முதற்பசுந்திடலுக்கு முன்னே ஸ்வில்கன் என்னும் சிற்றோடை வளைந்து ஓடுகிறது. அகலம் சில அடிகளே. அதற்குள் விழுந்த பந்துகளுக்கோ கணக்கில்லை. அதைத் தாண்டியபின் திடல் தன் இயல்பைக் காட்டும். மேடையிலிருந்து பார்த்தால் மணற்குழிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியா. மொத்தம் 112 உள்ளன. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்து அவை உண்டாயின என்பர். பதினான்காம் குழியிலுள்ள பெருங்குழிக்கு ‘நரகம்’ என்றே பெயர். அதில் விழுந்தவர் பச்சைப் புல்லை நோக்கி அடிப்பதைவிட, வந்த வழியே பின்னோக்கி அடித்து வெளியேறுவதே அறிவுடைமை. ஆனால் பலர் அவ்வாறு செய்வதில்லை. காற்றும் ஓர் ஆட்டக்காரரே. போகையில் முதுகைத் தள்ளிய காற்று, கடல் ஏற்றவற்றத்தோடு திசை மாறி, திரும்புகையிலும் எதிராகாது தள்ளலாம். இருவழியும் முகத்தில் அறையவும் செய்யலாம்.

பதினேழாம் குழிக்குச் ‘சாலைக் குழி’ என்று பெயர். முதல் அடியே ஒரு விடுதியின் மூலைக் கொட்டகைக்கு மேலாகப் பறக்க வேண்டும். முன்னாளில் அங்கே இரயில்வேக் கொட்டகைகள் இருந்தன. பசுந்திடலுக்கு இப்புறம் ஆழ்ந்த மணற்குழி, அப்புறம் சாலை, சாலைக்கப்பால் பழைய கற்சுவர். பந்து சாலையில் விழுந்தால் எடுத்து நகர்த்த முடியாது. தார்மீது கிடந்தவாறே அடிக்க வேண்டும். சுவரை ஒட்டிக் கிடந்தால், சுவரில் அடித்துத் தெறிக்கவிட்டு மீட்போரும் உண்டு. ஊர்ச்சாலையும் ஆட்டத்தின் பகுதியாகிவிட்ட விந்தையை வேறெங்கே காண்பது?

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். நடக்க வேண்டிய தொலைவு நான்கு மைலுக்குக் குறையாது. இந்நான்கு மணி நேரமும் நடுவர் எவரும் உடன் வருவதில்லை. தம் அடிகளைத் தாமே எண்ண வேண்டும். புதருக்குள் எவரும் காணாத இடத்தில் பந்து தற்செயலாக நகர்ந்துவிட்டால், தண்டனை உண்டா இல்லையா என்பதை ஆடுபவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காணாமற்போன பந்தை மூன்று நிமிடமே தேடலாம். 2019க்கு முன் ஐந்து நிமிடம். மணலில் பதிந்த அடிச்சுவட்டை வாரியால் சமன் செய்துவிட்டே நகர வேண்டும். பெயர்த்த புற்கரணையை மீண்டும் பதிக்க வேண்டும். பின்னால் விரைந்து வரும் குழுவுக்கு வழிவிட வேண்டும். பின்னே வருபவர் யாரென்று தெரியாத பொதுத் திடலில் இவ்வொழுக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

‘ஹேண்டிகேப்’ என்னும் ஏற்பாடும் இங்கே கருதத்தக்கது. ஓட்டப் பந்தயத்தில் இளைய மாணவனைச் சில கெஜம் முன்னே நிறுத்துவோமல்லவா? அதைப் போன்றது இது. ஒருவர் வழக்கமாகப் பாரைவிடச் சுமார் 18 அடி கூடுதலாக ஆடுவாரெனில், அவருடைய மொத்தத்தில் 18 கழிக்கப்படும். அவர் 90 அடித்தால் 72 ஆகக் கொள்ளப்படும். திறமை மிக்கவர் 73 அடித்துக் கழிவு பெறாவிடின், வென்றவர் முன்னவரே. முதுபெரும் வீரரும் முந்தாநாள் பழகியவரும் ஒன்றாகச் சுற்றிவர இது வகை செய்கிறது. எழுபது வயதுக் கிழவர் தம் பேரனோடு பொருதும் ஆட்டம் வேறு எத்தனை உண்டு?

யார் ஆடலாம்? உள்ளூரார் ஆண்டுச் சீட்டு வாங்கி ஆடுகின்றனர். 1946 வரை அவர்களுக்குக் கட்டணமே இருந்ததில்லை. வெளியூரார் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். ஆடவிரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னர்ப் பெயர் பதிந்தால், குலுக்கலில் பெயர் வந்தோருக்கு நேரம் ஒதுக்கப்படும். கோடீசுவரர் பெயரும் பள்ளி ஆசிரியர் பெயரும் ஒரே குடத்தில்தான். ஆனால் பெயர் வந்தபின் செலுத்த வேண்டிய தொகை, கோடைக் காலத்தில் 300 பவுனுக்கு மேல். குலுக்கல் சமம், கட்டணம் சமமன்று. வெளியூராரிடம் பெறும் இத்தொகையே ஏழு திடல்களையும் பேணவும், உள்ளூரார் சீட்டைக் குறைந்த விலையில் வைக்கவும் உதவுகிறது என்பது அவர்கள் கூறும் விடை. விடையில் நியாயம் உண்டு. எனினும் இறகுப் பந்து செய்த வேலையை இன்று கட்டணம் செய்கிறதோ என்னும் கேள்வி எழாமலில்லை. அதே அறக்கட்டளையின் பிற திடல்களில் ஆட, இதனினும் மிகக் குறைந்த தொகை போதும். தொடங்குவோருக்கும் சிறுவருக்கும் ஒன்பது குழிகள் கொண்ட திடல் ஒன்றும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டம் இல்லை. பெரும் போட்டிகள் நடக்கும் வாரங்கள் மட்டுமே விலக்கு. ஓய்வுநாள் மரபும், புல்லுக்கு ஓய்வு தேவை என்னும் டாம் மாரிசின் உறுதியும் சேர்ந்து அமைந்த வழக்கம் இது. அன்று ஊரார் தத்தம் நாய்களோடு புல்வழியில் உலாவுவர். ஸ்வில்கன் ஓடையின் பழங்கற்பாலத்தில் குழந்தைகள் ஏறி இறங்குவர். ‘நரக’த்துள் இறங்கிப் பார்த்து வியப்போரும் உண்டு. பாட்டியர் சிலர் திடலை விட்டுச் சற்றே கடற்பக்கம் நடப்பர். அங்கே மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் ஓர் உருட்டுத் திடலுக்கு ‘இமயமலை’ என்று பெயரிட்டிருக்கின்றனர். பெண்கள் கோலைத் தோளுக்கு மேல் ஓங்குவது நாணக்கேடு என்று கருதிய காலத்தில், 1867இல் அவ்வூர்ப் பெண்கள் சங்கம் அமைத்து ஆடத் தொடங்கிய இடம் அது. சங்கம் இன்றும் இருக்கிறது. சங்கத்தார் ஆடாத வேளைகளில், சிறு காசு கொடுத்து ஒரு கோலும் ஒரு பந்தும் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அங்கே ஒரு சுற்று ஆடலாம்.